மணல் குவியலில் முளைத்த பட்டம்

1885-ம் வருஷம், கோடைக்காலம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் நார்த் எண்ட் என்று ஒரு பகுதி. ஐரிஷ்காரர்கள், இத்தாலியர்கள், யூதர்கள் என்று கப்பலில் வந்து இறங்கிய ஏழை ஜனங்கள் எல்லாம் இண்டு இடுக்கில் அடைந்து கிடந்த இடம். குழந்தைகளுக்கு விளையாட இடம் என்றால் தெருதான். தெருவில் குதிரை வண்டி, சாக்கடை, குப்பை.

அங்கே பார்மென்டர் தெருவில் ஒரு சின்ன தேவாலயம். அதன் முற்றத்தில் ஒருநாள் ஒரு குவியல் மணலைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கட்டடம் கட்ட இல்லை. குழந்தைகள் தோண்டி விளையாட!

யோசனை சொன்னவர் ஒரு டாக்டர் அம்மா. பெயர் மேரி ஸாக்ஷெவ்ஸ்கா. (ஒரே மூச்சில் சொல்லிப் பார்க்காதீர்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.) பெர்லினில் பிறந்து, 1853-ல் அமெரிக்கா வந்து, 1862-ல் பாஸ்டனில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனியாக ஒரு ஆஸ்பத்திரியே ஆரம்பித்தவர். பெர்லினுக்குப் போயிருந்தபோது அங்கே பூங்காக்களில் மணலைக் குவித்து வைத்திருப்பதையும், பொடிசுகள் அதில் விழுந்து புரள்வதையும் பார்த்தார். நம் ஊர்க் குழந்தைகளுக்கும் இதைச் செய்தால் என்ன என்று பாஸ்டனில் இருந்த ஒரு சுகாதார சங்கத்துக்குக் கடிதம் போட்டார். சங்கத்துப் பெண்மணிகள் மணலை வாங்கிக் கொட்டிவிட்டார்கள்.

ஆரம்பத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சும்மா பார்த்துக்கொண்டார்கள். 1887-ல் மணல் திடல்கள் பெருகியபோது சங்கம் இன்னொரு காரியம் செய்தது. பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குச் சம்பளம் போட்டது.

நான் படித்தது பி.காம். எதைப் படித்தாலும் ‘யார் செலவு, எந்தக் கணக்கு’ என்றுதான் கண் போகும். எனக்கென்னவோ அந்த மணலைவிட இந்தச் சம்பளம்தான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அடுத்தவர் விளையாடுவதைக் கவனித்துக்கொள்வது ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு என்று கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி ஏறிவிட்டது. வேலை என்று வந்துவிட்டால் அடுத்து தகுதி கேட்பார்கள். தகுதி என்றால் படிப்பு. படிப்பு என்றால் காலேஜ்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் ‘ரெக்ரியேஷன் அட்மினிஸ்ட்ரேஷன்’ என்கிற பட்டப்படிப்பு. பொழுதுபோக்கு நிர்வாகம் என்று தமிழில் சொன்னால் வீட்டில் பெரியவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். பொழுதைப் போக்குவதற்கு நாலு வருஷப் படிப்பா, அதற்கு டாலரில் ஃபீஸ் வேறா? ஆனால் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் பூங்கா, நீச்சல் குளம், முதியோர் மன்றம், கோடை முகாம் எல்லாவற்றையும் நடத்துவது இதைப் படித்தவர்கள்தான். எந்தக் காலேஜில் படிப்பது என்பது அங்கே நிஜமான குழப்பம். ஏன் குழப்பம் என்பதில்தான் கதையே இருக்கிறது.

பாஸ்டனிலிருந்து சிகாகோவுக்குப் போவோம். அங்கே ஹல் ஹவுஸ் என்று ஒரு சேவை இல்லம். நடத்தியவர் ஜேன் ஆடம்ஸ். பின்னால் 1931-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய அதே அம்மையார். பக்கத்தில் கேவலமான நிலையில் சில ஒண்டுக்குடித்தன வீடுகள். சொந்தக்காரர் வில்லியம் கென்ட் என்கிற பணக்கார இளைஞர். ஆடம்ஸ் பொதுமேடையில் இந்த வீடுகளின் லட்சணத்தைப் பற்றிப் பேச, கென்ட்டுக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆயிற்று. கோபித்துக்கொண்டு வழக்குப் போடவில்லை மனுஷன். நேரில் பேசி, கடைசியில் வீடுகளை இடித்துவிட்டு அந்த இடத்தை வாடகை இல்லாமல் கொடுத்துவிட்டார். 1890-களின் தொடக்கத்தில் சிகாகோ ஏழைக் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல் கிடைத்தது அப்படித்தான்.

இந்த கென்ட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதே ஆசாமிதான் 1907 கடைசியில் சான்ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் தான் வாங்கியிருந்த செம்மரக் காட்டை, மியூர் உட்ஸ் என்று இன்று உலகப் புகழ்பெற்ற காட்டை, அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். 1916-ல் தேசியப் பூங்காக்களுக்கென்று தனி இலாகா அமைக்கும் மசோதாவை அமெரிக்க மக்கள் சபையில் கொண்டுவந்தவரும் அவரே. நகரத்துச் சந்தில் ஒரு விளையாட்டுத் திடல், மலையோரத்தில் ஒரு காடு. இந்தப் படிப்பின் இரண்டு முனைகளையும் ஒரே ஆள் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

1905-ல் சிகாகோ ஒரு படி மேலே போனது. நகரின் தென்பகுதியில் நெரிசலான பேட்டைகளில் பத்து புதிய பூங்காக்கள். ஒவ்வொன்றிலும் உடற்பயிற்சிக் கூடம், கூட்ட அரங்கு, குளியலறை எல்லாம் அடங்கிய ஒரு கட்டடம். சுமார் 50 லட்சம் டாலர் செலவு. கட்டியாயிற்று, யார் நடத்துவது? தோட்டக்காரரும் வாட்ச்மேனும் போதாது. பாட்டு தெரிய வேண்டும், பந்து விளையாடத் தெரிய வேண்டும், பத்து மொழி பேசும் ஜனங்களைச் சமாளிக்க வேண்டும், கணக்கும் எழுத வேண்டும். அப்படி ஒரு ஆளைத் தயார் செய்கிற காலேஜ் அப்போது அமெரிக்காவில் கிடையாது.

1906 ஏப்ரலில் வாஷிங்டனில் சிலர் கூடி ‘பிளேகிரவுண்ட் அசோசியேஷன்’ என்று ஒரு தேசிய சங்கம் அமைத்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கௌரவத் தலைவர். செயல் தலைவர் லூதர் குலிக் என்கிற டாக்டர். ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரியில் வாத்தியாராக இருந்தவர். 1891 குளிர்காலத்தில் தன் கீழ் வேலை பார்த்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தைக் கூப்பிட்டு, ‘பனியில் வெளியே போக முடியாமல் பையன்கள் ரகளை செய்கிறார்கள், உள்ளேயே விளையாட ஒன்று கண்டுபிடி’ என்று விரட்டியவர் இவர்தான். நெய்ஸ்மித் கண்டுபிடித்துக் கொடுத்தது கூடைப்பந்து.

நந்தனம் பக்கம் போகிறவர்களுக்கு ஸ்பிரிங்ஃபீல்ட் அந்நியமான பெயர் இல்லை. அங்கே படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியை அழைத்துப் போனதும் அவரே. அந்த மரத்தின் உடற்கல்விக் கிளை நம் ஊரில் வேர் பிடித்தது. பொழுதுபோக்குக் கிளை அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது.

காலேஜ் இல்லை என்றேன் அல்லவா? 1909-ல் சங்கமே ஒரு பாடத்திட்டத்தை அச்சடித்தது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளே, இதை வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று. குழந்தை மனசு, சுகாதாரம், விளையாட்டுகள், திடலை நிர்வகிப்பது என்று எல்லாம் கலந்த கதம்பம். 1926-ல் அதுவும் போதாமல் நியூயார்க்கில் சங்கமே சொந்தமாக ஒரு பள்ளியை ஆரம்பித்தது. ஏற்கெனவே டிகிரி முடித்தவர்களுக்கு ஒரு வருஷப் படிப்பு. 1935-ல் அதை மூடிவிட்டார்கள்.

அந்தக் காலகட்டம் முழுக்க சங்கத்தின் தலைவர் ஜோசப் லீ. பாஸ்டன் கோடீஸ்வரர், ஹார்வர்டில் சட்டம் படித்தவர். திடல் இயக்கத்தின் தந்தை என்று புத்தகங்கள் புகழும். குழந்தைகளின் விளையாட்டுக்காகக் கைக்காசைக் கொட்டியவர், சந்தேகமே இல்லை. ஆனால் இவரேதான் வெளிநாட்டு ஏழைகள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று போராடிய குடியேற்றத் தடுப்புச் சங்கத்துக்கும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். வந்துவிட்ட இத்தாலியக் குழந்தைக்கு மணல், வரப்போகிற குழந்தைக்குக் கதவடைப்பு. இரண்டையும் ஒரே மனசால் எப்படிச் செய்ய முடிந்தது என்பது எனக்குப் புரியவே இல்லை.

பிறகு வந்தது பெரும் பொருளாதார மந்தம். வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க 1935-ல் அரசாங்கம் டபிள்யூ.பி.ஏ. திட்டத்தை ஆரம்பித்தபோது, ஆயிரக்கணக்கான பேரைப் பூங்காக்களிலும் சமூகக் கூடங்களிலும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பாட்டு வாத்தியார், நாடக நடிகர், வேலை போன டீச்சர் என்று எல்லோரும் ராத்திரியோடு ராத்திரியாகப் பொழுதுபோக்கு அலுவலர்கள்! பயிற்சி? ம்ஹும். அந்த அவசரத்தில்தான் 1937-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் உட்கார்ந்து, இந்த வேலைக்குக் காலேஜில் எப்படிப் படிப்பு வைப்பது என்று முதல் தேசிய மாநாட்டை நடத்தினார்கள்.

பட்டம் கொடுக்கலாம், சரி. எந்தத் துறை கொடுப்பது? பொழுதுபோக்கு என்பது உடம்பு சம்பந்தப்பட்டதா, சமூகம் சம்பந்தப்பட்டதா, காடு மலை சம்பந்தப்பட்டதா? யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கு வசதியான வீட்டில் இந்தக் குழந்தையைக் குடிவைத்தது. வட கரோலினாவில் ஹரால்ட் மேயர் சமூகவியல் பேராசிரியர், அவர் கையில் அது சமூக சேவையாக வளர்ந்தது. இல்லினாயில் உடற்கல்விக் கல்லூரிக்குள் வளர்ந்தது.

1958-ல் இன்னொரு திருப்பம். போர் முடிந்து எல்லோர் கையிலும் காரும் வார விடுமுறையும் வந்துவிட, ஜனங்கள் காட்டையும் ஏரியையும் பார்த்துப் படையெடுத்தார்கள். இதை எப்படிச் சமாளிப்பது என்று ஆராய லாரன்ஸ் ராக்ஃபெல்லர் தலைமையில் ஒரு கமிஷன். 1962-ல் அறிக்கை வந்தது. 1964-ல் அதையொட்டி, பூங்கா நிலம் வாங்க மத்திய நிதி ஒதுக்கும் சட்டம் வந்தது. பணம் வந்தால் பதவி வரும், பதவி வந்தால் படிப்பு வரும். தென் கரோலினாவின் கிளெம்சனில் 1966-ல் ஒரு துறை முளைத்து, பிறகு வனவியலோடு ஒரே கூரையின் கீழ் வந்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் விவசாயக் கல்லூரிக்குள். நடுவே ராணுவ ஆஸ்பத்திரிகளில் கை கால் இழந்தவர்களுக்கு விளையாட்டும் கைவேலையும் மருந்தாகக் கொடுத்த அனுபவத்திலிருந்து, சிகிச்சைப் பொழுதுபோக்கு என்று தனியாக ஒரு பிரிவு.

குழப்பம் இப்போது புரிந்திருக்கும். பட்டத்தின் பெயர் ஒன்று, பிறந்த வீடு வேறு வேறு. காட்டிலாகா வீட்டில் வளர்ந்த துறையில் படித்தால் நடைபாதை, முகாம், நீர்நிலை எல்லாம் அத்துப்படியாகும். ஆஸ்பத்திரியில் பக்கவாத நோயாளியைக் கவனிக்கும் வேலைக்கு அந்தப் படிப்பு உதவாது. உடற்கல்வி வீட்டில் வளர்ந்ததில் போட்டிகள் நடத்துவதற்குச் சொல்லித் தருவார்கள். பேட்டை ஜனங்களோடு உட்கார்ந்து பேசுவதற்குச் சமூகவியல் வீடுதான் சரி. நல்ல காலேஜா என்று கேட்பதற்கு முன்னால், இந்தத் துறை அங்கே எந்த ஃபேகல்ட்டியின் கீழ் இருக்கிறது என்று கேட்க வேண்டும். நம் ஊரில் பெண் பார்க்கும்போது பூர்வீகம் விசாரிப்பார்களே, அந்த மாதிரி.

இன்னொன்றும் விசாரிக்க வேண்டும். பாடத்திட்டத்தில் சட்டம் இருக்கிறதா? அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரத்தைப் பார்த்தால் காரணம் தெரியும்.

அங்கே ஓக் பார்க் என்று அழகான பூங்கா. நீச்சல் குளம், சின்ன மிருகக்காட்சி சாலை எல்லாம் உண்டு. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். 1958 டிசம்பரில் கறுப்பின மக்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள்: எங்கள் வரிப்பணமும்தானே இதில் இருக்கிறது, எங்களையும் விடுங்கள். நகர சபை என்ன செய்தது தெரியுமா? 1959 ஜனவரி 1-ம் தேதி முதல் நகரத்தின் எல்லாப் பூங்காக்களையும் மூடிவிட்டது. கறுப்பருக்கும் இல்லை, வெள்ளையருக்கும் இல்லை. மிருகங்களை விற்றுவிட்டார்கள். நீச்சல் குளத்தில் மண்ணைக் கொட்டி மூடினார்கள். ஆறு வருஷம் இப்படியே.

அந்த ஆறு வருஷமும் வெள்ளைக்காரக் குழந்தைகள் விளையாடாமலா இருந்தார்கள்? 1969-ல் இரண்டு கறுப்பினச் சிறுவர்களைக் கோடை முகாமில் சேர்த்துக்கொள்ள மறுத்த வழக்கு ஒன்று வந்தது. மறுத்தது ஒய்.எம்.சி.ஏ.! விசாரணையில் பூனைக்குட்டி வெளியே வந்தது. 1958-லேயே நகர நிர்வாகத்துக்கும் ஒய்.எம்.சி.ஏ.வுக்கும் ரகசிய ஏற்பாடு. பூங்கா இலாகா செய்துவந்த வேலைகளை அவர்கள் எடுத்து நடத்துவது, தனியார் அமைப்பு என்ற போர்வையில் கறுப்பர்களை வெளியே நிறுத்துவது. நகரத்தின் வேலையைச் செய்தால் நகரத்துக்கான சட்டம் உனக்கும் பொருந்தும் என்று 1970-ல் நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் தீர்ப்புச் சொன்னார். குலிக் வளர்ந்த அதே இயக்கம்தான் இதையும் செய்தது.

இந்த ஏற்பாட்டை வெறும் அரசியல்வாதிகள் மட்டும் நடத்தியிருக்க முடியாது. யாரோ அட்டவணை போட்டிருக்கிறார்கள், யாரோ கோச்சுகளை மாற்றியிருக்கிறார்கள், யாரோ உறுப்பினர் விண்ணப்பத்தைத் தோல் நிறம் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். அதெல்லாம் நிர்வாகம். ரெக்ரியேஷன் அட்மினிஸ்ட்ரேஷன்!

1963-ல் மெம்ஃபிஸ் நகரம், பூங்காக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்துவிட முடியும், அவசரப்படுத்தாதீர்கள் என்று சுப்ரீம் கோர்ட்டில் கெஞ்சியது. முடியாது, இப்போதே திற என்றது கோர்ட். ஆனால் 1971-ல் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் நீச்சல் குளங்களை அடியோடு மூடிய வழக்கில், எல்லோருக்கும் சேர்த்து மூடினால் பாகுபாடு ஆகாது என்று அதே கோர்ட் சொல்லிவிட்டது. திறந்தால் எல்லோருக்கும், மூடினால் கேள்வி இல்லை. பூங்கா அதிகாரியாகப் போகிற பையனோ பெண்ணோ இந்த மூன்று வழக்குகளையும் வகுப்பில் படித்துச் சண்டை போட்டிருக்க வேண்டாமா? அந்தப் பாடம் இல்லாத காலேஜைவிட இருக்கிற காலேஜுக்குத்தான் என் ஓட்டு.

அடுத்து என் பேட்டை, பணம். 1978 ஜூனில் கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப்போட்டு, சொத்து வரி மதிப்பில் ஒரு சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்று கட்டிப்போட்டார்கள். ‘புரோபசிஷன் 13’ என்று பெயர். வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஊர்ச் செலவில் கைவைக்க வேண்டி வந்தபோது போலீஸையும் தீயணைப்பையும் தொட முடியுமா? முதலில் வெட்டு விழுந்த இடங்களில் பூங்காவும் பொழுதுபோக்கும் நூலகமும் உண்டு. அதுவரை இலவசமாக இருந்த வகுப்புக்கும் மைதானத்துக்கும் கட்டணம் வந்தது. வரிப்பணத்தில் ஓடிய இலாகா டிக்கெட் விற்று ஓட வேண்டிய நிலை.

காலேஜ்களின் பெயர்ப்பலகைகளிலேயே இந்தக் கதை எழுதியிருக்கிறது. நிர்வாகம் என்ற சொல் போய் மேனேஜ்மென்ட் வந்தது. கிளெம்சன் துறையின் பெயரில் டூரிசம் ஏறிக்கொண்டது. இல்லினாயில் ‘ஓய்வு ஆய்வு’ என்றிருந்த துறை ‘ரெக்ரியேஷன், ஸ்போர்ட், டூரிசம்’ ஆனது. கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு ‘எக்ஸ்பீரியன்ஸ் இண்டஸ்ட்ரி மேனேஜ்மென்ட்’ என்றே மாற்றிக்கொண்டது. அதாவது, அனுபவத் தொழில் நிர்வாகம்! ரிசார்ட், கல்யாணக் கச்சேரி, கம்பெனி மாநாடு என்று வேலை நிறைய உண்டு. அதில் தப்பும் இல்லை. பார்மென்டர் தெருவில் மணல் கொட்டுகிற வேலைக்குத் தயாராக நினைக்கிறவர் மட்டும் பெயரைப் பார்த்து ஏமாறாமல், பாடத்திட்டத்தை வாங்கி வரிவரியாகப் படித்துவிட்டுச் சேருவது நல்லது.

மற்றபடி சர்டிஃபிகேட் விவகாரம். இந்தப் படிப்புகளைச் சோதித்து அங்கீகாரம் கொடுக்க 1970-களில் ஒரு கவுன்சில் ஏற்பட்டது. அங்கீகாரம் பெற்ற துறையில் படித்தால், பூங்கா-பொழுதுபோக்கு அலுவலருக்கான தேசியச் சான்றிதழ்த் தேர்வை நேராக எழுதலாம். இல்லாவிட்டால் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். சிகிச்சைப் பிரிவுக்கு 1981-ல் அமைந்த தனி கவுன்சில், தனித் தேர்வு. அதற்கென்று குறிப்பிட்ட பாடங்கள் இருந்தாக வேண்டும். பொதுவாக ரெக்ரியேஷன் படித்தேன், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றால் நடக்காது. இது தெரியாமல் மூன்றாம் வருஷத்தில் முழித்துக்கொண்டு இன்னொரு காலேஜுக்கு மாறினால், செலவு யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எந்த அங்கீகாரமும் விட்டுக்கொடுக்காத ஒரு விஷயம், களப்பயிற்சி. பொதுப் படிப்புக்குக் குறைந்தது 400 மணி நேரம். சிகிச்சைப் பிரிவில் 14 வாரம் தொடர்ச்சியாக, 560 மணி நேரம், அதுவும் சான்றிதழ் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில். ஆகவே எந்த காலேஜின் பளபள புத்தகத்தைப் புரட்டினாலும் ஜிம், நீச்சல் குளம் படங்களைத் தள்ளிவிட்டு, துறையில் ஒரே ஒரு பட்டியல் கேட்கலாம்: போன வருஷத்துப் பிள்ளைகள் இந்த மணி நேரங்களை எங்கே கழித்தார்கள்? முனிசிபல் பூங்காவிலா, தேசியப் பூங்காவிலா, ஆஸ்பத்திரியிலா, சிறுவர் முகாமிலா, ஐந்து நட்சத்திர ரிசார்ட்டிலா? பட்டியலைக் கொடுக்கத் தயங்குகிற துறையின் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய வேண்டாம்.